பிரம்மாவின் காலும் பத்தாம் வகுப்பும்



பிரம்மாவின் காலில் பிறந்தவர்கள் நாம் என்று என் பாட்டி நம்பினாள். நானும் நம்பினேன். பார்சல் ஆபீஸ் இரவு டூட்டியில் டார்வினைப் பற்றிய ஒரு சிறு புத்தகம் கைக்கு வந்தது. பாதிரியாராகப் படித்த மனிதர் அவர். 1871-இல் மனிதனின் பிறப்பையே எழுதினார். குரங்கு மனிதனாயிற்று என்பதல்ல. குரங்குக்கும் நமக்கும் ஒரே மூதாதை. அப்படியானால் முகத்தில் பிறந்தவன் எங்கே, காலில் பிறந்தவன் எங்கே? மறுநாள் விளக்கேற்றவில்லை. அம்மா மூன்று நாள் பேசவில்லை. சாமி போனது வலிக்கவில்லை; அதுதான் வலித்தது.

2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தை எடுத்தது. பன்னிரண்டில் உயிரியல் எடுப்பவருக்கு மட்டும் மிச்சம் வைத்தார்கள். பத்தோடு நிற்பது யார் வீட்டுப் பிள்ளை? நானே நின்றவன்தான்.

ஞாயிறு மாலை சங்க அறையில் அந்தப் பாடம் நடக்கும். பிள்ளைகளை அனுப்புங்கள். பெண் பிள்ளைகளையும்.