பருவம் பெறாத இரு திங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு காணும் அவையில் பத்துப் பருவங்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமேயாகும். பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களால் ஆனது. பருவத்திற்குப் பத்தாக நூறு பாடல்கள் கொள்வது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழே இன்று கிடைப்பவற்றுள் காலத்தால் முற்பட்டது. பாட்டியல் நூல்களிடையே திங்கட் கணக்கில் வேறுபாடுகள் உண்டெனினும், பெருவழக்காகச் சொல்லப்படும் வரிசை இது: மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, இவ்வாறே ஒற்றைப்படைத் திங்களாக வளர்ந்து இருபத்தொன்றில் நிறைவுறும்.

இவ்வரிசையைக் கேட்கும் தாய் ஒருத்தி ஒரு வினா எழுப்பக்கூடும்: முதல் இரண்டு திங்கள் எங்கே?

விடை எளிது. பருவங்களுட் பல குழந்தையின் செயலை அடியொற்றி அமைந்தவை. தலையசைத்து ஆடுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வாரானை. பிறந்த குழந்தைக்கு இத்தகைய விளையாட்டு ஏதுமில்லை. அதற்குத் தெரிந்த தொழில் மூன்றே: பாலுண்ணல், உறங்கல், அழுதல். இம்மூன்றும் இலக்கணத்தில் தமக்கெனப் பருவம் பெறவில்லை. ஆயினும் ஒரு பெண் தாயாகப் பழகும் காலம் அவ்விரண்டு திங்களே ஆகும்.

அழுகையின் கணக்கு

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 80 குழந்தைகளின் அழுகையை அவர்தம் தாயர் நாள்தோறும் குறித்து வைத்தனர். இரண்டாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரமாக இருந்த அழுகை, ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாக உயர்ந்தது. பின்னர்ப் படிப்படியாகக் குறைந்தது. மாலையிலேயே அது மிகுந்தது. நல்ல உடல்நலமும் போதிய பாலும் பெற்ற குழந்தையும் இவ்வாறு அழக்கூடும் என்பதே இவ்வாய்வின் பயன். மூன்றாம் திங்களில் கவிஞர் காப்புப் பாட வரும்பொழுது புயல் பெரும்பாலும் கரை கடந்திருக்கும்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. கேளாதவனுக்குக் கிட்டாது என்னும் உலகியலுக்கு அது பொருந்தும். தொட்டிலுக்கு முழுதும் பொருந்தாது. பசித்த குழந்தை முதலில் வாயைத் திறந்து தலையை இருபுறமும் திருப்பித் தேடும். கையை வாய்க்குக் கொண்டு செல்லும். அழுகை, பசியின் கடைசி அறிவிப்பு. வீறிட்டழும் குழந்தை மார்பைப் பற்றுவதும் அரிது. அதனை முதலில் அமைதிப்படுத்தியே பாலூட்ட வேண்டும். மேலும் ஈரத்துணி, குளிர், வயிற்றுக் காற்று, உறக்க மயக்கம், தனிமை என அழுகைக்குக் காரணங்கள் பல. காரணமே புலப்படாத அழுகையும் உண்டு.

பாலும் பழியும்

மூன்றாம் வாரத்து இரவொன்றை எண்ணிப் பார்க்கலாம். மணி இரண்டு. பச்சையுடம்புக்காரி இப்பொழுதுதான் பால் கொடுத்துத் தூளியில் இட்டாள். குழந்தை மீண்டும் அழுகிறது. அடுத்த அறையிலிருந்து ஒரு குரல்: "பால் பத்தலை போல." சொன்னவர் அன்புடையவரே, சொல்லும் கனிவானதே. ஆயினும் அச்சொல் ஒரு தீர்ப்பாகவே அவள் செவியில் விழுகிறது.

தமிழ்க் கவிதை தாய்ப்பாலை மிக உயர்ந்த இடத்தில் வைத்தது. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவள், மகன் புறமுதுகிட்டான் எனில் அவன் உண்ட முலையை அறுத்தெறிவேன் என வஞ்சினம் கூறுகிறாள். ஒளவையார் காட்டும் மற்றொரு தாய்க்கு, களத்தில் வீழ்ந்த மகனைக் கண்டபொழுது வற்றிய முலையும் ஊறுகிறது. இங்கே பால் வெறும் உணவன்று. அது மானமும் சான்றுமாகிறது.

ஒளவையார் பாடலின் உயர்வு நவிற்சிக்குள் உடலியல் உண்மை ஒன்று உறைகிறது. குழந்தை மார்பைச் சப்பும்பொழுது தாயின் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் வெளிப்பட்டுப் பாலை வெளித்தள்ளுகிறது. பாலூட்டும் காலத்தில் குழந்தையின் அழுகையைக் கேட்டாலும், அதனை நினைத்தாலும்கூடச் சிலருக்குப் பால் பீறிடும். உள்ளம் உருகப் பால் ஊறும் என்பது இவ்வளவில் மெய்யே.

இதன் மறுபுறம் பாடப்படவில்லை. அச்சமும் வலியும் மனக்கலக்கமும் அப்பால் வெளிப்படுவதைச் சிறிது நேரம் தடுக்க வல்லவை. பால் போதவில்லை என்ற பழியே பால் இறங்குவதற்குத் தடையாகலாம். அதனைக் கேட்டுக் கலங்கிய தாய் புட்டிப்பாலை நாடுவாள். குழந்தை மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறையவே சுரப்பும் குறையும். பொய்யாகத் தொடங்கிய பழி இவ்வாறு மெய்யாகி விடுகிறது.

ஐயம் தீர்க்க எளிய அளவுகள் உண்டு. முதல் நாட்களில் சுரக்கும் சீம்பால் அளவிற் சிறிது. அந்நாளைய குழந்தைக்கு அதுவே போதும். அதைக் கெட்ட பாலென்று பீய்ச்சிக் களைவதும், சீனித் தண்ணீரைச் சேனையாக வைப்பதும் விலக்கத்தக்கன. மூன்றாம் நான்காம் நாளளவில் பால் பெருகும். ஒரு வாரத்தை நெருங்கும் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் துணி நனைத்து, இரண்டு வாரத்தில் பிறந்த எடையை மீட்டுவிட்டால் பால் போதுமானதே. ஆறு திங்கள் வரை தாய்ப்பால் மட்டுமே என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. பிள்ளை வளர்ப்பான் எனப் பெயர் பெற்ற வசம்பிற்கும் அவ்வாறு திங்களில் இடமில்லை.

யசோதையும் தேவகியும்

இலக்கணம் விட்ட இடத்தை இலக்கியம் முற்றும் விட்டுவிடவில்லை. பெரியாழ்வார் திருமொழியின் தொடக்கப் பதிகத்தில், கண்ணன் பிறந்த ஆயர்பாடியின் ஆரவாரத்தினிடையே, யசோதை மற்றொரு பெண்ணிடம் முறையிடுகிறாள். தொட்டிலிலும் அடங்காமல், இடுப்பிலும் நில்லாமல், அணைப்பிலும் அமையாமல் பிள்ளை படுத்தும் பாட்டைச் சொல்லித் தான் மெலிந்ததை ஒப்புக்கொள்கிறாள். தெய்வக் குழந்தையின் தாயே களைத்தாள் எனின் மானிடத் தாய் களைப்பதில் குற்றம் என்ன? அவள் அதை ஒரு தோழியிடம் சொல்ல முடிந்தது என்பதும் கருதத்தக்கது.

குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் தேவகியின் புலம்பலைப் பாடினார். பெற்றும் பாலூட்டப் பெறாதவள், தாலாட்டப் பெறாதவள் அவள். தாயருள் தன்னைக் கடைப்பட்டவளாக வைத்து நொந்துகொள்கிறாள். நோயாலோ மருந்தாலோ பாலூட்ட இயலாத தாயரும், குறைமாதக் குழந்தையைக் கண்ணாடிப் பேழைக்குள் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் தாயரும் இன்றும் அச்சொல்லைத் தமக்குள் சொல்லிக் கொள்கின்றனர். தேவகியைக் கடைப்பட்டவள் என்று குலசேகரர் பழிக்கவில்லை. அவள் துயருக்கு ஒரு பதிகம் முழுவதையும் தந்தார்.

தாலின் பணி

தால் என்பது நா. நாவை அசைத்து ஒலிப்பதால் தாலாட்டு. இலக்கணம் ஏழாம் திங்களுக்கு வகுத்த அப்பாட்டு, வீட்டில் முதல் இரவிலேயே தொடங்கிவிடுகிறது.

அதன் பயனுக்கு அறிவியல் சான்றும் உண்டு. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் ஆகிய இருவர் நிகழ்த்திய ஆய்வில், பிறந்து மூன்று நாட்கூட நிறையாத குழந்தைகள், தாயின் குரலைக் கேட்பதற்காகச் சப்பும் முறையையே மாற்றிக்கொண்டன. பால் தேடும் வாய் குரலையும் தேடுகிறது. 2022இல் ஜப்பானிய ஆய்வாளர் குழுவினர், அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் அமைதியுறும் என்றும், உறங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து பின்னர்க் கிடத்தலே நன்று என்றும் கண்டனர். தோளிலிட்டு முற்றத்தில் உலவிய பாட்டியர்க்கு இது புதுச் செய்தியன்று.

நாட்டுப்புறத் தாலாட்டு, அழும் குழந்தையிடம் அடித்தது யார் எனக் கேட்கும். அத்தை, மாமன், பாட்டி என உறவினரை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரிக்கும். யாரும் அடிக்கவில்லை என்ற விடையும் சில பாடல்களில் வரும். மருத்துவம் சொல்வதும் அதுவே: இவ்வழுகைக்குக் குற்றவாளி இல்லை. பாடுபவள் அவ்விடையைத் தனக்கே சொல்லிக் கொள்கிறாள். தாலாட்டு உறங்க வைப்பது பிள்ளையை, ஆற்றுவது தாயை.

ஆற்றியும் தணியாத இரவுகள் உண்டு. பொறுமை இழந்த கணத்தில் குழந்தையைக் குலுக்குதல் மூளையில் குருதிக் கசிவை உண்டாக்கும். மல்லாக்கப் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகி நிற்பதும், மற்றொருவர் கையில் ஒப்படைப்பதும் குறையாகா. காய்ச்சலோ, பாலுண்ண மறுத்தலோ, துவண்டு கிடத்தலோ கண்டால் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

கவிஞர் கடன்

அன்னையர் நாள் கவியரங்குகளில் தாய்ப்பால் அமுதென்று பாடப்படுகிறது. அமுதைப் பாடியவர் பலர். அதை ஊட்டுபவளின் விழித்த இரவைப் பாடியவர் சிலரே. பாலைச் சான்றாக்கிப் பாடும் ஒவ்வொரு வரியும், பால் தாமதித்த ஒருத்தியின் செவியிலும் விழும் என்பதைக் கவிஞர் மறவாதிருத்தல் நலம்.

இவ்வட்டத்தின் கவிஞருள் எவரேனும் பதினோராம் பருவம் ஒன்று பாடுவாராயின், அது காப்பிற்கு முன்னே நிற்கட்டும். அதில் குழந்தை அழலாம், தாயும் அழலாம். அடுத்த அறையிலிருந்து வரும் குரல் மட்டும் மாறட்டும்: "பிள்ளையை இங்கே கொடும்மா, நீ சற்றுக் கண்ணயர்."