படிக்க நேரம் எங்கே இருக்கு?



"படிக்க ஏதும்மா நேரம்?"னு நீங்க கேக்கறது நியாயம்தான். தண்ணி பிடிக்கணும், சமைக்கணும், மாட்டைப் பார்க்கணும், நூறு நாள் வேலைக்குப் போகணும். ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சா கண்ணு சொக்கும். அதனால ராத்திரியை நான் விட்டுட்டேன். பால் சொசைட்டி வரிசையிலும் பஸ்ஸுக்கு நிக்கிற இடத்திலும்தான் என் படிப்பு. ஒரு நாளைக்கு நாலு பக்கம்.

ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலை அப்படித்தான் முடித்தேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. அந்தம்மா நேரில் போய், மக்களோடு பழகி எழுதியவர். எங்கள் குழுக் கூட்டத்தில் சேமிப்பு வரவு வைத்த பிறகு, கால் மணி நேரம் அதை வாய்விட்டுப் படித்தேன். எழுத்துத் தெரியாத மூன்று அக்காமார்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள். "நம்ம கதையை இவங்களுக்கு யாரு சொன்னா?" என்றார் ஒருவர். அடுத்த வாரம் அவரே தீர்மான நோட்டை நீட்டி, "கைநாட்டு வைக்கிறதுக்கு முன்னாடி இதையும் படிச்சுக் காட்டு" என்றார். இப்போ எங்க குழுவில் படிச்சுக் காட்டாம யாரும் கையெழுத்து வைக்கிறதில்லை.

புத்தகம் வாங்கக் காசு வேண்டாம். 1948 சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுறோம். கட்டிட்டு நூலகத்துப் பக்கமே போறதில்லை! குழுவுக்கு ஒருத்தராவது உறுப்பினராகச் சேருங்க.

"பெரிய கலெக்டர் ஆகப்போறா"ன்னு வீட்டுல சொல்லுவாங்க. சொல்லட்டும். வாய்விட்டுப் படிக்க ஆள் இல்லாத குழு இருந்தா சொல்லுங்க; செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வரேன்.