கடற்கரைக்கு வேலி: உள்ளே யார்? வெளியே யார்?

(ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில் மஃக்ரிபுக்குப் பின் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காகச் சுருக்கி எழுதப்பட்டுள்ளது.)



அன்று என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்த கதையைத்தான் அவர்களிடம் சொன்னேன். கடலே இல்லாத ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

அறியாமைக் காலத்து அரபு நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. செல்வாக்குள்ள குலத்தலைவன் பசுமையான ஓரிடத்துக்கு வந்தால், மேடான இடத்தில் தன் நாயைக் குரைக்க விடுவான். அந்தக் குரைப்பு எத்தனை தூரம் கேட்கிறதோ அத்தனை தூரமும் அவனுக்கே! மற்ற இடங்களில் ஊராரோடு சேர்ந்து அவனும் மேய்ப்பான். அந்த இடத்தில் மட்டும் வேறு எவனுடைய ஆடும் கால் வைக்கக் கூடாது. இதற்கு ‘ஹிமா’ என்று பெயர். காப்பு நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்கள் இந்தத் தனியார் ஹிமாவை ஒழித்தார்கள். பொது நன்மைக்காக மட்டுமே நிலத்தை ஒதுக்கலாம் என்றாக்கினார்கள். மதீனாவுக்கு அருகில் நகீஃ என்ற இடம் அப்படி ஒதுக்கப்பட்டது.

பின்னர் உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் ஒரு ஹிமாவுக்கு ஹுனை என்பவரைக் காவலராக வைத்தார்கள். அவருக்கு என்ன உத்தரவு கொடுத்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதன் கருத்து இதுதான்: சொற்ப ஒட்டகமும் சொற்ப ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விட வேண்டும், இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடக் கூடாது! யார் இவர்கள்? சுவர்க்கத்து நன்மாராயம் பெற்ற பதின்மரில் இருவர். அவர்களுக்கே வாசல் அடைப்பு! ஏன்? அவர்களின் கால்நடைகள் செத்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டமும் பயிர்நிலமும் இருக்கின்றன. ஏழையின் நாலு ஆடு செத்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆட்சியாளரின் வாசலில் வந்து நிற்பான்.

கவனியுங்கள்! உமர் (ரலி) அவர்கள் வேலியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலி போட்டார்கள், காவலும் வைத்தார்கள். யாருக்குத் திறப்பது, யாருக்கு அடைப்பது என்பதைத்தான் தெளிவாகச் சொன்னார்கள்.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப் பாறைகள், கடல் தாழைகள், அந்தத் தாழையை மேயும் ஆவுளியா என்ற கடல் பசு. இப்படி ஒரு இடம் உலகத்திலேயே குறைவு. இதைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் கரையோரத்து ஆட்களும் இந்தக் கடலைக் கெடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டிட வேலைக்கும் பவளப் பாறையைப் பாறை பாறையாக உடைத்து ஏற்றினார்கள். 21 தீவுகளில் இரண்டு இன்று கடலுக்குள் போய்விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பாறையை உடைத்தவன் கூலிக்காரன், விற்றவன் முதலாளி என்பது வேறு விஷயம். ஆனாலும் தவறு தவறுதான்.

ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? இந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்பார்கள். கண்ணாடி மாட்டி, விரலில் துணியைச் சுற்றி, மூச்சைப் பிடித்து முங்கிக் கையால் பறித்து வருவார்கள். ஜெல்லி, மருந்து, சாய ஆலைகள் வரை போகிற சரக்கு அது. மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது என்று அவர்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தில் இருந்து பாசிக்குப் போகும் ஒரு தாய்க்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. கடலைக் காத்ததற்கான விருது! இங்கேயோ அதே பெண்கள் தீவுப் பக்கம் போனால் விரட்டு, பாசி மூட்டை பறிமுதல், வழக்கு.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். சுற்றுலாவுக்காகக் காப்பிடத்துக்குள் நுழைய, கட்டணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க அதில் வழி உண்டு. தேசியப் பூங்காவில் இருந்து பிழைப்புக்காக ஒரு பிடி பாசி எடுக்க வழி இல்லை. இத்தனைக்குப் பிறகு வனத்துறையே கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றுலாப் பயணிகளைக் குருசடைத் தீவுக்குப் படகில் கூட்டிப்போய்க் காட்டியது.

பாசிக்குப் போகும் பெண்கள் சிலரோடு ஒருமுறை ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். “சட்டம் அப்படி, நான் என்ன செய்ய?” என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் படகுக் கட்டண விவரம் ஒட்டியிருந்தது. கூட வந்த ஒரு அம்மா அதைக் காட்டி என்னிடம் கேட்டார்: “நாங்களும் டிக்கெட் எடுத்தா உள்ளே விடுவாங்களா பாய்?” அதிகாரியும் சிரித்தார், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரங்காட்டில் சதுப்புநிலக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். ஊர் மக்களையும் சேர்த்து நடத்துகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்பது வேறு. கட்டணம் என்பது காசுள்ளவனுக்குத் திறக்கும் சாவி. அதை மட்டும் வாசலில் வைத்துவிட்டால் இப்னு அவ்ஃபின் மந்தை உள்ளே, ஏழையின் ஆடு வெளியே என்றாகிவிடாதா?

தீவுகளை விடுங்கள், கரையின் கதை என்ன? 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு வந்தது. நீரேற்றக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டிடமே கூடாது. நல்ல ஏற்பாடு. மூன்றே வருடத்தில், 1994-இல், சுற்றுலாக்காரர்களுக்காக அதைத் தளர்த்தினார்கள். 1996 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தளர்வுகளில் முக்கியமானவற்றை ரத்து செய்தது. அதோடு விட்டார்களா? திருத்தத்துக்கு மேல் திருத்தம்! இது பாராளுமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றிய சட்டமல்ல, அமைச்சகம் வெளியிடும் அறிவிப்பு. அதனால் திருத்துவது சுலபம்.

கடைசியாக 2019 ஜனவரி 18-ஆம் தேதி வந்த அறிவிப்பைப் பாருங்கள். சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறக் கரைகளில் அந்த 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கியது. நீரேற்றக் கோட்டில் இருந்து வெறும் 10 மீட்டர் விட்டுத் தற்காலிகச் சுற்றுலாக் குடில்கள் போடலாம். சதுப்புநிலக் காடு போன்ற மிக நுட்பமான இடங்களிலும் ‘சூழல் சுற்றுலா’ என்ற பெயரில் நடைபாதை, மரக்குடில் அமைக்க வழி உண்டு. 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தையும் திருத்தினார்கள். காட்டுக்குள் மிருகக்காட்சி சாலை, சஃபாரி, சூழல் சுற்றுலா வசதிகள் அமைக்க மத்திய அரசின் முன்அனுமதி பெறும் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். (அந்தச் சட்டத்துக்கு வைத்த புதுப் பெயர் ‘வன் சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதிநியம்’. நம் ஊர் மீனவருக்கு இதன் பெயரே புரியாது, உள்ளே இருப்பதை எப்போது புரிந்துகொள்வது?)

50 மீட்டரானால் மீனவர் வீடு கட்டிக்கொள்ளலாமே என்று ஆதரிப்பவர்களும் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் கடலோர மனை விலை ஏறும்போது அங்கே கட்டப்போவது யார்? வலை காயப்போடும் மணலும் கருவாடு காயும் இடமும் யார் பெயரிலும் பட்டா இல்லாதவை. பட்டா இல்லாத இடம்தான் முதலில் பறிபோகும்.

இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று தெரிய வேண்டுமானால் அரபிக்கடல் பக்கம் திரும்பி லட்சத்தீவைப் பாருங்கள். 36 தீவுகள், மொத்தம் 32 சதுர கிலோமீட்டர், அதில் 10 தீவுகளில்தான் மக்கள். 2021-இல் கடலோர விதியைக் காட்டி மீனவர்கள் படகும் வலையும் வைக்கும் கொட்டகைகளை இடித்தார்கள். அதே நேரத்தில் ‘வளர்ச்சி ஆணைய ஒழுங்குமுறை’ என்று ஒரு வரைவைக் கொண்டுவந்தார்கள். எந்த இடத்தையும் திட்டப் பகுதியாக அறிவித்து எடுத்துக்கொள்ள அதில் அதிகாரம். தன் நிலத்தின் வகையை மாற்றக்கூட மக்கள் கட்டணம் கட்ட வேண்டும். வளர்ச்சி என்பதற்கு அதில் கொடுத்த விளக்கத்தில் சுரங்கம், குவாரி, குன்றை வெட்டுவதும் அடக்கம். கடல் மட்டத்தில் இருந்து சில மீட்டரே உயர்ந்த பவளத் தீவில் குன்றுக்கு எங்கே போவது? எங்கோ இருந்த சட்டத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்! மக்கள் சும்மா இருக்கவில்லை. 2021 ஜூன் 7-ஆம் தேதி தீவு மக்கள் தங்கள் வீடுகளிலேயே 12 மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்கு முன்பே, மே 31-இல், கேரள சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

ஒரே கடற்கரை விதி! மீனவன் கொட்டகை போட்டால் விதிமீறல், விடுதி குடில் போட்டால் சுற்றுலா வளர்ச்சி. எந்த மதத்துக்காரன் கொட்டகை என்று கடல் பார்ப்பதில்லை. நம் கரையில் பாசிக்கும் வலைக்கும் போகிறவர்களில் இந்துக்கள் உண்டு, கிறிஸ்தவர்கள் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. எனவே இதை ஒரு ஜமாஅத்தின் பிரச்சினையாகச் சுருக்கிவிட வேண்டாம். மூன்று சமுதாயத்து ஊர்த்தலைவர்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால்தான் அதற்கு எடை.

என்ன மனு? 2019 அறிவிப்பின்படி ஒவ்வொரு மாநிலமும் கடலோர மண்டல வரைபடம் தயாரிக்க வேண்டும். அதில் மீனவக் குடியிருப்பு, படகு கரையேறும் இடம், வலை காயும் இடம் எல்லாம் குறிக்கப்பட வேண்டும். தமிழகத்தில் 2023-இல் வரைவு மீது கருத்துக் கேட்டபோது பல ஊர்களின் பயன்பாட்டு இடங்கள் விடுபட்டிருப்பதாக மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வரைபடத்தில் இல்லாத இடம் நாளை காலி இடம்! ஆகவே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உங்கள் ஊருக்கான தாளைக் கேட்டுப் பாருங்கள். இடம் விடுபட்டிருந்தால் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, காட்டு நிலத்தையும் அதன் நீரையும் நம்பிப் பிழைத்தவர்கள் மீன் முதலிய நீர்ப்பொருட்கள் மீது சமூக உரிமை கோரலாம். தேசியப் பூங்காவானாலும் கோரலாம். கோருவதற்கான இடம் கிராம சபை.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கூடும். அன்று வெறுங்கையோடு போகாதீர்கள். தீர்மானத்தை முந்தின இரவே எழுதி வைத்துக்கொண்டு, பாசிக்குப் போகும் பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்து, அவர்களையே பேச விடுங்கள். பேரூராட்சி, நகராட்சியில் இருப்பவர்கள் மனுவாகக் கொடுங்கள். பதிவேட்டில் தீர்மானம் ஏறியதா என்று பார்த்து, கையெழுத்தும் முத்திரையும் இட்ட நகலை அன்றைக்கே வாங்கி வாருங்கள். ஒரு நகல் ஊர் அலுவலகத்தில் இருக்கட்டும், ஒன்றை எங்களுக்கு அனுப்பி வையுங்கள்.