பங்குக்கறியும் போட்டோகார்டும்

செங்கல்பட்டு ஜங்ஷன் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு 'கூட்ஸ்' என்றால் ஒன்றுதான்: கேட்டில் நம்மை நிற்க வைத்துவிட்டு ஊர்ந்து போகும் ரயில். அதனால் காலேஜ் படிக்கிற என் தங்கச்சி "அண்ணா, என் கூட்ஸ் வரவே இல்ல"ன்னு அழுதப்போ எனக்கு ஒண்ணும் புரியல.

கே-பாப் ரசிகர்களுக்கு கூட்ஸ் என்றால் ஆல்பம், போஸ்டர், லைட் ஸ்டிக், எல்லாத்துக்கும் மேல போட்டோகார்டு. ஆல்பத்துக்குள் இருக்கும், ஏடிஎம் கார்டு அளவுப் படம். குழுவில் 7 பேர் என்றால் யாருடைய கார்டு வரும் என்பது பிரித்தால்தான் தெரியும்.

"பணத்தை யார்கிட்ட குடுத்த?"

"சோங்தேகிட்ட."

அது ஆள் பேருன்னு நினைச்சு இன்ஸ்டாகிராம்ல அரை மணி நேரம் தேடினேன். ஓரகடத்தில் ஒரு கொரிய பார்ட்ஸ் கம்பெனியில் இருக்கும் நண்பனைக் கேட்டேன். அவனுக்குத் தெரிந்த கொரியன் 'பல்லி பல்லி' மட்டும்தான். சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தம். ஷிப்ட் முழுக்க அதுதான் காதில் விழுமாம்.

கடைசியில் தங்கச்சியே பாடம் எடுத்தாள். சோங்தே என்றால் துப்பாக்கிக் கட்டை. அதைத் தோளில் போட்டுக்கொள்வது என்றால் எல்லாருக்காகவும் ஒருத்தர் பொறுப்பைச் சுமப்பது. கூட்டாக ஆல்பம் வாங்கும்போது பணம் வசூலித்து, ஆர்டர் போட்டு, கார்டுகளைப் பிரித்து அனுப்புபவர்தான் சோங்தே. அப்படிப் பங்கு பிரிப்பதற்குப் பெயர் 'புன்ச்சொல்'. தடிமனான புத்தகத்தைப் பிரித்துத் தனித்தனியாக பைண்ட் பண்ணுவதற்கான சொல் அது.

நம்ம ஊர்ல இதுக்கு ஏற்கெனவே பேர் இருக்கு: பங்குக்கறி. தீபாவளிக்கு நாலு வீடு சேர்ந்து ஆடு வாங்கிக் கூறு போடுவோம் இல்லையா, அதேதான். ஆனா பங்குக்கறியில் எல்லாக் கூறிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு விழும். புன்ச்சொல்லில் ஈரலுக்குத் தனி விலை. அதிகம் பேர் கேட்கும் மெம்பரின் கார்டுக்குக் கூடுதல் பணம், மற்றவர்களுக்குக் குறைவு. அதைவிடப் பெரிய வித்தியாசம், பங்குக்கறி போடுறவர் அடுத்த தெருவில் இருப்பார். இந்த சோங்தே வெறும் ப்ரொஃபைல் படம். 2,300 ரூபாயை வாங்கிக்கிட்டு அக்கவுண்ட்டையே அழிச்சாச்சு.

காசைவிட என்னை உறுத்தியது, ரெண்டு மாசம் அவள் யாரிடமும் சொல்லவில்லை என்பது. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்து மாணவிகள் 3 பேர் பிடிஎஸ் குழுவைப் பார்க்க கொரியா போகிறோம் என்று கிளம்பி, காட்பாடி ஸ்டேஷனில் மீட்கப்பட்டார்களே, அந்தச் செய்திக்கு அப்புறம் எங்க வீட்டில் கொரியா பேச்சே ஆகாது. நானும் யோக்கியன் இல்லை. "ஒரு அட்டைக்கா இவ்ளோ காசு"ன்னு தினமும் கிண்டல் பண்ணினவன்.

இப்ப அந்தச் சொற்கள் எனக்கே பிடிச்சுப் போச்சு. ஜப்பானிய 'ஒடாகு'வை கொரியர்கள் 'ஒதொக்கு' ஆக்கி, அதையும் வெட்டி 'தொக்கு' ஆக்கிவிட்டார்கள். வெறித்தனமான ரசிகர் என்று அர்த்தம். (எங்கம்மா இதைக் கேட்டு, "தக்காளியா, மாங்காயா?" என்றார்.) அதிலிருந்து 'தொக்'கை மட்டும் எடுத்து, ரசிகராக நுழைவது 'இப்தொக்', விட்டு வெளியேறுவது 'தல்தொக்'. எங்க ஆபீஸ் கோடில்கூட இவ்வளவு சுத்தமாகப் பெயர் வைப்பதில்லை. குழுவில் அத்தனை பேர் கார்டையும் சேர்த்துவிட்டால் 'டுபோல்'. டிராகன் பால் கார்ட்டூனில் 7 உருண்டைகளையும் சேர்ப்பார்களே, அதன் சுருக்கம்.

போன மாசம் மாமல்லபுரம் போனோம். மீன் வறுவல் வந்ததும் நான் கை வைக்கப் போனேன். "இரு, யேஜொல் ஷாட்!" யேஜொல் என்றால் மரியாதை. சாப்பிடும் முன் கார்டைத் தட்டுக்கு மேலே பிடித்துப் போட்டோ எடுக்கணும். காத்துல கார்டு பறக்காம இருக்க, இன்னொரு மூலையை நான் பிடிச்சுக்கிட்டேன்.

இப்ப அவள் தன் காலேஜ் தோழிகள் 6 பேருக்கு சோங்தே. எல்லாரும் முகம் தெரிஞ்சவங்க. எக்செல் ஷீட் நான் போட்டுக் கொடுத்தேன். அதில் கஸ்டம்ஸ் வரிக்குத் தனி காலம் வேணும்னு முதல்ல சொன்னது அவள்தான்.