என்ன விலை, அக்கா?

(மூணாறு தேயிலைத் தோட்டம் ஒன்றில், மாலை வகுப்பில் படிக்கும் பெண்களிடம் வகுப்பு நடத்தும் தொண்டர் பேசியது)



இன்றைக்குப் பாடப் புத்தகத்தை மூடி வையுங்கள். உங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் ஐந்து பேர் சேர்ந்து, கடன் வாங்கி, ரோட்டு ஓரத்தில் கடை போடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தேயிலை, ஏலக்காய், சாக்லேட், சின்னச் சின்னப் பரிசுப் பொருள்கள் எல்லாம் விற்கப் போகிறீர்களாம். நல்ல சேதி. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாடகை வீடு பார்க்க வேண்டும். அந்த வாடகை இந்தக் கடையிலிருந்துதான் வர வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஆகவே இது விளையாட்டுக் காரியம் இல்லை.

நான் ஹைஸ்கூல் படிப்போடு நின்றவள். 2018 ஜூன் மாதம் மூணாறு டவுனில் ஒரு பரிசுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடை சின்னது. மூன்று பேர் உள்ளே நின்றால் நான்காவது ஆள் வெளியே நிற்க வேண்டும். அந்தக் கடைக்கு வந்த ஆட்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முதலாளி பெயரை மட்டும் கேட்காதீர்கள். சம்பளம் கொடுக்கிறவர்!

நம் லயத்துப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்கு யார் வருகிறார்கள்? நீங்களும் நானும்தான். வாரா வாரம் அதே முகம். பற்று நோட்டில் அதே பெயர். அங்கே ஒரு நாள் எடை குறைந்தால் பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். டூரிஸ்ட் கடை அப்படி இல்லை. இன்றைக்கு மூணாறு, நாளைக்குத் தேக்கடி, மறுநாள் ஆலப்புழை என்று அவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். “இந்த முகத்தை இனிமேல் பார்க்கவா போகிறோம்?” என்று கடைக்காரர் மனதில் ஒரு நினைப்பு வரும். கடையில் நடக்கிற எல்லாக் கோளாறுக்கும் விதை அந்த நினைப்புதான் என்று நான் சொல்வேன்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் கடையில் எந்தப் பொருளிலும் விலை எழுதியிருக்காது. முதலாளி ஆளைப் பார்ப்பார். காரைப் பார்ப்பார். காலில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பார். பிறகு விலை சொல்வார். ஒரு நாள் ஒரே பஸ்ஸில் வந்த இரண்டு குஜராத்திக் குடும்பங்கள் ஒரே மாதிரி மர யானை வாங்கினார்கள். ஒருவருக்கு 350 ரூபாய். இன்னொருவருக்கு 200 ரூபாய். பஸ்ஸில் போய் உட்கார்ந்ததும் இரண்டு யானையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கும் போல. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள். அவர்கள் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை. ஆனால் என்ன பேசினார்கள் என்று நன்றாகப் புரிந்தது. பஸ்ஸில் இருந்த மற்ற ஆட்களும் இறங்கி வந்து வாசலில் நின்றார்கள். 150 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றைக்கு அந்த பஸ்ஸிலிருந்து வேறு ஒரு காசும் எங்கள் கல்லாவில் விழவில்லை.

அடுத்த வாரம் முதலாளி என்னிடம் ஒரு கட்டு வெள்ளைச் சீட்டும் பேனாவும் கொடுத்தார். எல்லாப் பொருளுக்கும் விலை எழுதி ஒட்டினோம். அதற்குப் பிறகும் பேரம் பேசுகிறவர்கள் வந்தார்கள். பேரம் இல்லை என்றதும் சிலர் போய்விட்டார்கள். அது உண்மை. ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதுவரை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனவர்கள் உள்ளே வந்தார்கள். விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. கேட்டுவிட்டு, கட்டாது என்று வைத்துவிட்டுப் போக மானம் இடம் கொடுக்காது. நாமும் ஜவுளிக் கடையில் அப்படி நின்றவர்கள்தானே!

எக்ஸ்கர்ஷன் வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் எனக்கு மறக்கவில்லை. பத்துப் பதினோரு வயது இருக்கும். கையில் 50 ரூபாய்த் தாள் ஒன்று. மடித்து மடித்து வியர்வையில் நனைந்திருந்தது. கூட வந்த பையன்கள் சத்தம் போட்டுக்கொண்டு இருந்தார்கள். இவன் மட்டும் ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டு வந்தான். 120. 80. 65. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. 40 ரூபாய் சீப்பு ஒன்றைக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்தான். “அம்மாவுக்கு” என்றான். மீதி பத்து ரூபாயைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு போனான். சீட்டு இல்லாவிட்டால் அந்தப் பையன் வாய் திறந்து கேட்டிருப்பானா என்பது சந்தேகம்தான்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். நம் கடைக்கு மலையாளம் பேசுகிறவர் வருவார். இந்தி, வங்காளி, குஜராத்தி பேசுகிறவர் வருவார். வெள்ளைக்காரரும் வருவார். ஒருவர் சேச்சி என்பார், ஒருவர் தீதி என்பார். இத்தனை பாஷையும் நாம் கற்க முடியுமா? வேண்டியதே இல்லை. 1, 2, 3 என்று நீங்கள் இங்கே எழுதிப் பழகினீர்களே, அந்த எண்ணை அவர்கள் எல்லோரும் படிப்பார்கள். 250 என்று எழுதினால் அது யாருக்கும் 250தான். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி எழுதக் கூடாது.

விலை எழுதினால் போதுமா? போதாது. ஒரு அம்மா சாக்லேட் பாக்கெட்டை எடுத்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். அவர் தேடியது தேதியை. அந்தப் பாக்கெட்டில் தேதியே இல்லை. சண்டை போடுகிறவரால் கடைக்கு நஷ்டம் குறைவு. குறை என்னவென்று சொல்லிவிட்டுப் போகிறார். சும்மா வைத்துவிட்டுப் போகிறவரால்தான் நஷ்டம் அதிகம்.

நீங்கள் சாக்லேட்டையோ ஏலக்காயையோ பாக்கெட் போட்டு விற்றால், அதன்மேல் என்ன பொருள், எவ்வளவு எடை, யார் தயாரித்தது, எந்த மாதம் எந்த வருடம், எது வரைக்கும் சாப்பிடலாம், வரியெல்லாம் சேர்த்து அதிகபட்ச விலை என்ன என்று எழுதியிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தால் 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். அதுவும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். தராசுக்கு முத்திரை வாங்க வேண்டும். இந்தக் காரியங்களுக்கு ஆபீசுக்கு அலைய வேண்டித்தான் வரும். ஒருவர் மட்டும் போகாதீர்கள். இரண்டு பேராகப் போங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எழுதினால் மட்டும் பொருள் நல்லதாகிவிடாது. போடிமெட்டு வழியாகத் தேனிப் பக்கத்து ஆட்கள் நிறைய வருவார்கள் இல்லையா? ஒரு நாள் போடிநாயக்கனூர் பாட்டி ஒருவர் பேரப்பிள்ளைகளோடு வந்தார். எங்கள் ஏலக்காய்ப் பாக்கெட்டில் 8 எம்.எம். என்று எழுதியிருந்தது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் படித்துச் சொன்னான். பாட்டி ஒரு பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்லி உள்ளங்கையில் கொட்டினார். விரலால் இப்படி ஒரு தள்ளு, அப்படி ஒரு தள்ளு. “மேலே கிடக்கிறது எட்டு. அடியில் கிடக்கிறது ஆறுகூட வராது, தாயி” என்றார். வயசுக் காலமெல்லாம் போடியில் ஏலக்காய் தரம் பிரித்த கையாம் அது. சல்லடை எதற்கு?

முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவருக்குச் சரக்குக் கொடுத்தவர் அப்படிக் கலந்து கொடுத்திருக்கிறார். ஆனால் பாட்டிக்கு அந்த ஆளையா தெரியும்? எங்களைத்தான் தெரியும். பெரிய காய் என்றால் விலை கூட. அதனால்தான் இந்தக் கலப்பு. அதற்குப் பிறகு சரக்கு வந்தால் பிரித்துக் கொட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். கிராம்பு வந்தால் நாலைந்தை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போடுவோம். நல்ல கிராம்பு அடியில் போகும். எண்ணெய் எடுத்த சக்கை மிதக்கும். பட்டை மெல்லியதாக, சுருள் சுருளாக இருக்க வேண்டும். தடித்த பட்டை வேறு மரத்தினுடையது. இதெல்லாம் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

“இது இங்கே செய்ததா?” என்று எல்லோரும் கேட்பார்கள். மர யானை வெளியூரிலிருந்து வருகிறது. வெளியூர் என்றே சொல்லுங்கள். நம் மலையில் விளைவது தேயிலை இருக்கிறது, ஏலக்காய் இருக்கிறது. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மறையூர்ப் பக்கத்தில் காய்ச்சிய வெல்லத்துக்கு மட்டும்தான் அந்தப் பெயர். அதன் பெயரைச் சொல்லி வேறு வெல்லத்தை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உருண்டையை நீங்கள் வாங்கி வைக்காதீர்கள்.

“ஊருக்குப் போனவர் திரும்பியா வரப் போகிறார்?” என்று இன்னும் யாராவது நினைக்கலாம். 2019இல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இங்கே வர வேண்டிய அவசியம் இல்லை. நாம்தான் அங்கே பதில் சொல்ல வேண்டும். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று போர்டு எழுதி மாட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பழுதான பொருளை அப்படி மறுக்க முடியாது. பில்லில் நாள் கணக்கு எழுதாவிட்டால் 30 நாள் வரைக்கும் திரும்ப வாங்க வேண்டிய பொறுப்பு கடைக்கு உண்டு. இதே சட்டம் நாம் ஜவுளிக் கடையில் வாங்கும் சேலைக்கும் பொருந்தும். அதையும் மனதில் வையுங்கள்.

வண்டி டிரைவர்கள் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ஆட்களைக் கூட்டி வந்தால் கமிஷன் கேட்பார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் கமிஷனை யார் கொடுக்கிறார்கள்? விலையைக் கூட்டி, வாங்குகிறவர் தலையில்தான் வைக்கிறோம். சீட்டில் விலை எழுதிய பிறகு கூட்ட முடியாது. லாபத்தில்தான் குறையும். எவ்வளவு கொடுக்கலாம், கொடுக்கவே வேண்டாமா என்பதை ஐந்து பேரும் உட்கார்ந்து முதலிலேயே முடிவு செய்யுங்கள். வாசலில் வண்டி நின்ற பிறகு முடிவு செய்ய முடியாது.

இப்போது பணம் கையில் வருவது குறைந்துவிட்டது. போனை நீட்டி, படம் எடுத்து, பணம் போட்டாயிற்று என்கிறார்கள். எங்களுக்கு அடுத்த கடை அக்காவிடம் ஒரு பையன் 1,800 ரூபாய்க்குச் சாமான் வாங்கினான். தன் போனைக் காட்டினான். பச்சை நிறத்தில் சரி என்ற அடையாளம் தெரிந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. பச்சையைப் பார்த்ததும் பையைக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால் பாங்கில் பணம் ஏறவே இல்லை. அது எப்போதோ எடுத்த படம்! அந்த அக்காவுக்கு அது நான்கு நாள் வருமானம். வாங்குகிறவர் போனில் தெரிவது நமக்குச் சாட்சி இல்லை. நம் போனுக்குச் செய்தி வந்ததா, அதில் இன்றைய தேதி இருக்கிறதா, தொகை சரியா என்று பாருங்கள். செய்தி இங்கிலீஷில் வந்தாலும் எண் எண்தானே. பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் பெட்டியும் கிடைக்கிறது. கடை இரைச்சலில் அது சில நேரம் காதில் விழாது. ஆகையால் செய்தியையும் பாருங்கள்.

கடைசியாக, ஆட்களே வராத நாளைப் பற்றிச் சொல்கிறேன். வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக இரவிகுளம் பூங்காவை மூடுவார்கள். அப்போது டவுன் காற்று வாங்கும். அதைச் சமாளிக்கலாம். 2018 வேறு மாதிரி. 12 வருடத்துக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்கும் வருடம் அது. கூட்டம் குவியும் என்று டவுன் முழுக்கக் கடன் வாங்கிச் சரக்குப் போட்டார்கள். எங்கள் முதலாளியும் போட்டார். ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. மலை சரிந்தது. பெரியவரைப் பாலம் போய்விட்டது. ராஜமலைக்குப் போகும் வழி அதுதான். பூ பூத்தது. பார்க்க வர வேண்டிய கூட்டம் வரவில்லை. சாக்லேட் கெட்டுப்போனது. மர சாமான் தாங்கியது. “குறிஞ்சி 2018” என்று அச்சடித்த சாவிக்கொத்து ஒரு பெட்டி இன்னும் எங்கள் பரண்மேல் கிடக்கிறது. அடுத்த பூ 2030இல். அதை எப்படி விற்பது? 2020இல் கொரோனா வந்தபோதும் மாதக்கணக்கில் கதவு மூடிக் கிடந்தது.

எனவே கெட்டுப்போகும் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். வருடம் அச்சடித்த பொருளே வேண்டாம். யாரிடம் எவ்வளவு கடன், எந்தத் தேதி தவணை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து பேரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள். ஒருவர் மட்டும் கணக்கு வைத்துக்கொண்டால் அயல்கூட்டத்தில் சந்தேகம் வரும். சண்டை வரும்.

சரி, இப்போது நோட்டை எடுங்கள். கடையில் ஒட்ட வேண்டிய சீட்டை இன்றைக்கே எழுதிப் பார்ப்போம். முதல் வரியில் பொருளின் பெயர். அடுத்த வரியில் எடை. அதன் கீழே மாதம், வருடம். கடைசியில் விலையைப் பெரிதாக எழுதுங்கள். ஏலக்காய்க்கு எந்த “ல” என்று பின்னால் ஒரு அக்கா கேட்கிறார். பலகையில் எழுதுகிறேன், பாருங்கள்.