சிறிய விமானம், கூடிய பறப்பு
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாங்கள் என்று இங்கே சொல்வது இரண்டு பேரை. ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்று இருவரும் இங்கிலாந்தில் வசிக்கிறோம். ஒருத்தி வைத்தியர், மற்றவள் கணக்காளர். பேசுவது வைத்தியர், இந்த உரையிலுள்ள கணக்குகளைச் சரிபார்த்தது கணக்காளர். எங்கள் விமானப் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டார்கள். மலரை வாசிக்கப்போகும் தங்கைமாருக்குப் பயன்படவேண்டும் என்பதால் செலவையும் ஒளிக்காமல் சொல்கிறோம்.

எங்கள் வயதுக்காரருக்குப் பள்ளிக்காலத்தில் விமானச் சத்தம் என்றால் பதுங்குகுழி. கொப்பியை அப்படியே விட்டுவிட்டு ஓடிய நாட்கள் உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். பறக்கப் பழகவேண்டும் என்ற ஆசைக்கு அதுவும் ஒரு காரணம். அந்தச் சத்தத்தை எங்கள் கையாலேயே தொடக்கி, எங்கள் கையாலேயே நிறுத்திப் பார்க்க விரும்பினோம்.

பிரித்தானியாவில் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெற ஆகக் குறைந்தது 45 மணித்தியாலப் பறப்புப் பயிற்சி வேண்டும். அதில் 25 மணித்தியாலம் பயிற்றுநருடன், 10 மணித்தியாலம் தனியாக. தனிப் பறப்புகளில் ஒன்று 150 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 270 கிலோமீற்றர் தூரம் செல்லவேண்டும். வழியில் வேறு இரண்டு விமானத்தளங்களில் இறங்கி ஏறவேண்டும். நாங்கள் எழுதியபோது ஒன்பது பாடங்களில் எழுத்துப் பரீட்சை இருந்தது. வேலை, பிள்ளைகள், இங்கிலாந்து மழை ஆகிய மூன்றுக்கும் இடையில் இதை முடிக்க எங்களுக்கு மூன்று வருடம் சென்றது.

அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. ஒற்றை இயந்திர விமானம் ஓட்டும் தகுதியை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவேண்டும். இரண்டாவது வருடத்தில் 12 மணித்தியாலம் பறந்து, 12 தடவை ஏறி இறங்கி, பயிற்றுநர் ஒருவருடன் ஒரு மணித்தியாலம் பறந்தால் சட்டத்துக்குப் போதும். நாங்கள் பறந்த இடத்தில் விமான வாடகை மணித்தியாலத்துக்கு 200 பவுண் அளவில் இருந்தது. ஆகவே மாதம் ஒரு மணித்தியாலம் என்று எங்கள் பறப்பு சுருங்கியது.

சட்டத்துக்கு அது போதும், கைக்குப் போதுமா? ஒரு சத்திரசிகிச்சையைச் செய்வதற்கு முன் நிபுணரிடம் நாங்கள் கேட்கும் கேள்வி, "கடந்த வருடம் இதை எத்தனை தடவை செய்தீர்கள்?" என்பதுதான். பறப்பிலும் அதே கேள்விதான். பக்கவாட்டுக் காற்றில் ஓடுபாதையில் இறங்கும் பழக்கம் மெல்ல மெல்லத் தேயும். தேய்வது எங்களுக்கே தெரியாது. பயணியாக ஏறுபவர் எங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். கூடப் பறக்கப் பணமில்லை, குறையப் பறப்பது பாதுகாப்பில்லை. முழுவதுமாக விட்டுவிடுவோமா என்று இருவரும் யோசித்த காலம் அது.

அப்போதுதான் மைக்ரோலைற் பக்கம் திரும்பினோம். முச்சக்கர வண்டிக்குத் துணி இறக்கை கட்டியதுபோல ஒரு வகை உண்டு. மற்றது நிலையான இறக்கையும் மூடிய இருக்கைகளும் கொண்டது. நாங்கள் ஓட்டுவது இந்த வகை. இரண்டு பேர் மட்டுமே ஏறலாம். பிரித்தானியாவில் இதன் எடை வரம்பு முன்னர் 450 கிலோகிராம். 2021இல் 600 ஆக உயர்த்தப்பட்டது. நாங்கள் பழகிய செஸ்னா 152 புறப்படும்போது 757 கிலோகிராம் வரை இருக்கலாம்.

புதிய அனுமதிப்பத்திரம் தேவைப்படவில்லை. மைக்ரோலைற் பயிற்றுநர் ஒருவரிடம் வேறுபாட்டுப் பயிற்சி பெற்றோம். பாரம் குறைந்த விமானத்தில் இயந்திர வலுவைக் குறைத்தால் வேகம் சட்டென்று விழும். உடனே மூக்கைத் தாழ்த்தவேண்டும். காற்றின் சிறு தள்ளலும் தெரியும். பெரிய விமானம் ஓட்டியவர்கள் என்ற எண்ணத்தை வாசலில் விட்டுவிட்டு மாணவிகளாகவே பழகினோம்.

இனிக் கணக்கு. செஸ்னா மணித்தியாலத்துக்கு 20 லீற்றருக்கு மேல் விமான எரிபொருள் குடித்தது. எங்கள் மைக்ரோலைற்றின் றோட்டக்ஸ் 912 இயந்திரத்துக்கு ஏறக்குறைய 14 லீற்றர், அதுவும் காருக்கு அடிக்கும் ஈயமற்ற பெற்றோல். சிறிய விமானங்களின் வழமையான எரிபொருளில் இன்னும் ஈயம் கலந்திருக்கிறது. பிள்ளைகளின் மூளைக்கு ஈயம் செய்யும் தீங்கை அறிந்த வைத்தியருக்கு இது பெரிய ஆறுதல். ஐந்து பேர் சேர்ந்து விமானத்தை வாங்கினோம். கொட்டகை வாடகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை எல்லாம் ஐந்தாகப் பிரியும். எண்ணெய் மாற்றுவது போன்ற வேலைகளை நாங்களே செய்கிறோம். செலவு பாதிக்கும் கீழே வந்தது. கடந்த வருடம் ஒவ்வொருவரும் 40 மணித்தியாலத்துக்கு மேல் பறந்தோம்.

குறைகளையும் சொல்லவேண்டும். இரவில் பறக்க முடியாது. முகிலுக்குள் போக முடியாது. குடும்பத்தோடு போக இடமில்லை. காற்றுக் கூடிய நாளில் தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்பவேண்டியதுதான்.

புதிதாகத் தொடங்க விரும்பும் தங்கைமார் பிரித்தானியாவில் நேரடியாகவே மைக்ரோலைற் அனுமதிப்பத்திரம் பெறலாம். ஆகக் குறைந்தது 25 மணித்தியாலம், அதில் 10 தனியாக. எழுத்துப் பரீட்சை ஐந்து. 2016 முதல் பலர் தங்கள் உடல்நலத்தைத் தாங்களே உறுதிசெய்து பிரகடனம் கொடுத்தாலும் போதும். அந்தப் படிவத்தில் பொய் எழுதாதீர்கள் என்பது வைத்தியரின் வேண்டுகோள். மயக்கம், வலிப்பு, இருதய நோய் எதையும் வானம் மன்னிக்காது.

இந்தத் துறைக்குப் பெண்கள் புதியவர்கள் இல்லை. துணி இறக்கையின் முன்னோடியை 1948இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் றொகல்லோவும் மனைவி ஜேர்ட்ரூடும் உருவாக்கினார்கள். குசினி யன்னல் திரைச்சீலையை வெட்டித் தைத்தவர் ஜேர்ட்ரூட். காப்புரிமையில் அவர் பெயரும் உண்டு. ஈவ் ஜக்சன் 1986இல் இங்கிலாந்திலிருந்து மைக்ரோலைற்றில் புறப்பட்டு, அடுத்த வருடம் அவுஸ்திரேலியாவை அடைந்தார். 19 வயதான சாரா ரதர்போர்ட் இதைப் போன்ற சிறு விமானமொன்றில் தனியாக உலகைச் சுற்றி 2022 ஜனவரியில் முடித்தார். வழியில் எங்கள் இலங்கையிலும் இறங்கினார்.

ஒரு கலையைக் கைவிடாமல் வைத்திருக்கச் சிலவேளை அதன் அளவைக் குறைக்கவேண்டியிருக்கும். வீணையோ, நீச்சலோ, படிப்போ, பிள்ளை வளர்ப்புக்கும் வேலைக்கும் நடுவில் நீங்கள் தள்ளிவைத்தது எதுவாக இருந்தாலும், அதன் சிறிய வடிவம் ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

இங்கிலாந்துக்கு வரும் பழைய மாணவிகள் சங்கத்தின் கிளையூடாகத் தொடர்புகொள்ளுங்கள். காற்று அடங்கிய ஒரு காலையில் இரண்டாவது இருக்கை உங்களுக்கு. எங்களில் ஒருத்தி கீழே நின்று கையசைப்பாள்.