மலாக்காவில் நாம் தேடவேண்டியது



மாசாயிலிருந்து மலாக்கா இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவு. பள்ளி விடுமுறை வந்தால் பேருந்து பேசி மாணவர்களை அங்கு அழைத்துச் செல்வது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. காலையில் சிவப்பு நிற டச்சுக் கட்டடங்கள், நண்பகலில் கோட்டை வாசல், மாலையில் கிளேபாங் கடற்கரையும் அங்கே வரிசையில் நின்று வாங்கும் தேங்காய்ப் பானமும். நாங்களும் பன்முறை அவ்வாறே சென்று திரும்பினோம். அண்மைப் பயணத்தில் ஒரு மாணவி கேட்ட கேள்வியால்தான் இப்பொழிவே பிறந்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிக் கட்டிய கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு வாசல் மட்டுமே. ஆங்கிலேயர் 1807இல் அக்கோட்டையைத் தகர்த்தனர். வாசலில் நின்ற மாணவர்கள், "கடல் எங்கே ஐயா?" என்றனர். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் கோட்டையின் காலடியில் இருந்த கடல், கரை தூர்க்கப்பட்டதால் விலகிப்போய்விட்டது. அவ்விடத்தில் இன்று பேரங்காடிகள் நிற்கின்றன.

அக்கடல் வழியே வந்தவர்களில் தமிழரும் உண்டு. சுல்தான்கள் காலத்து மலாக்காவில் வணிகரைக் கவனிக்க ஷாபண்டார் எனும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் சோழமண்டலக் கரையினர், வங்காளத்தார், பெகு நாட்டார் முதலியோர்க்கு உரியவர். துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டதாகத் தோமே பிரேஸ் என்ற போர்த்துக்கீசியர் எழுதினார். எண்ணிக்கை மிகையோ என்னவோ, இரைச்சல் உண்மையாகத்தான் இருந்திருக்கும். அந்த இரைச்சலின் தடம் இன்றும் மலாய் மொழியில் உள்ளது. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. கடை 'கெடாய்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. மாப்பிள்ளை 'மெம்பெலாய்' ஆகி மணமக்கள் இருவரையும் குறிக்கலாயிற்று. இச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிடத் துறைமுகத்தில் நின்று சொல்லும்போது மாணவர் முகம் மலர்வதை நாங்கள் கண்டோம்.

துக்காங் எமாஸ் சாலையில் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சுக்காரர் ஆட்சியில், செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்கு அளிக்கப்பட்ட நிலத்தில் 1781இல் எழுந்த கோயில் அது. பள்ளிவாசலும் சீனக் கோயிலும் சில அடி தூரத்தில் உள்ளன. பெரும்பாலான பயணிகள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றனர். நாங்கள் அங்கேயே அமர்ந்து மாணவர்களுக்கு முன்ஷி அப்துல்லாவைப் பற்றிச் சொன்னோம்.

1796இல் மலாக்காவில் பிறந்த அப்துல்லா, நவீன மலாய் உரைநடையின் முன்னோடியாக மதிக்கப்படுபவர். கோட்டை தகர்க்கப்பட்டதைச் சிறுவனாகக் கண்டு எழுதியவரும் அவரே. தம் 'ஹிக்காயாட் அப்துல்லா'வில், தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதைப் பதிவு செய்துள்ளார். மலாக்காவின் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கமாம். கணக்குப் பார்க்கவும் வணிகரோடு பேசவும் அது தேவைப்பட்டதாம். எண்ணிப் பாருங்கள்: அன்று மலாக்காவில் தமிழ் பிழைப்புக்கு உதவும் மொழி. தமிழர் அல்லாதாரும் ஆசிரியரை நாடிக் கற்ற மொழி.

அங்கிருந்து காஜா பேராங்கிலுள்ள கம்போங் செட்டிக்குச் சென்றோம். மலாக்கா செட்டிகள் பிற்காலத்தில் வட்டித்தொழில் செய்ய வந்த நகரத்தார் அல்லர். சுல்தான்கள் காலத்திலேயே வந்து தங்கிய வணிகரின் வழித்தோன்றல்கள். சைவர்கள். மாரியம்மனை வணங்குகிறார்கள், அம்மைநோய்த் தெய்வத்துக்கு எடுக்கும் விழாவை 'டத்தோ சாச்சார்' என்கிறார்கள். போகியன்று மறைந்த முன்னோர்க்கு இலை விரித்துப் படைக்கிறார்கள். அதற்குப் 'போகி பராச்சு' என்று பெயர். பிள்ளை, நாயக்கர், படையாட்சி எனும் பட்டங்களும் அவர்களிடம் இருக்கின்றன. பெண்கள் அணிவது சாரோங்கும் கெபாயாவும். பேசுவது மலாய்.

அங்கே ஒரு பெரியவர் மாணவர்களை அன்போடு வரவேற்று, படையல் முறையை மலாயில் விளக்கினார். போகி என்ற சொல் மட்டும் அந்தப் பேச்சில் தெளிவாகக் கேட்டது. வெளியே வந்ததும் அந்த மாணவி கேட்டாள்: "ஐயா, சாமி இருக்கு, பொங்கல் இருக்கு, பட்டப் பேரும் இருக்கு. தமிழ் மட்டும் எப்படிப் போச்சு?"

வணிகர் தனியே வந்தனர். இம்மண்ணின் பெண்களை மணந்தனர். தாயின் மொழி பிள்ளைகளின் மொழியாயிற்று என்பது வழக்கமான விடை. அதில் உண்மை உண்டு. ஆயினும் அதில் ஒரு பழிச்சொல் ஒளிந்திருக்கிறது. அத்தாய்மார்தாம் மாரியம்மனையும் போகியையும் இத்தனை தலைமுறை காத்துக் கொடுத்தவர்கள் என்பதை அது மறைக்கிறது. எங்களுக்குத் தோன்றும் விடை வேறு. அப்துல்லா காட்டும் தமிழ் கணக்கேட்டின் தமிழ், கடைத்தெருவின் தமிழ். அதற்கு மதிப்பு இருந்தது. ஆனால் அது அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் வரவில்லை. வணிகம் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்தபோது கணக்கேட்டோடு அதுவும் பெயர்ந்தது. சடங்குக்கு வீட்டில் ஒரு நாள் இருந்தது. மொழிக்கு ஒரு வேளையும் இல்லை.

அவர்களைத் தமிழர் என்பதா, அல்லவென்பதா என்று பேருந்தில் ஒரு வாதம் கிளம்பியது. அதை நாங்கள் வளரவிடவில்லை; தம்மை யாரென்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவர்களுடையது. மாறாக, ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் யாரிடம் எம்மொழியில் பேசுகிறீர்கள் என்று பெயரிடாமல் எழுதச் சொன்னோம்.

ஆயர் குரோ சாவடியைக் கடக்கும்போது தாள்கள் எங்கள் கைக்கு வந்துவிட்டன. பாட்டியிடம் தமிழ் என்று அநேகமாக எல்லாரும் எழுதியிருந்தனர். அம்மாவிடம் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து என்றனர் பலர். தம்பி தங்கையிடம் எந்த மொழி என்ற வரியில்தான் எங்கள் கண் நின்றது. அத்தாள்களை இங்கே கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் ஆசிரியர்கள் பார்வையிடலாம்.